ஒரு தொடருக்கு இரண்டே கால் மணி நேரம்: திருப்பூரில் ஓர் ஆங்கில வகுப்பும் ‘இன் த நிக் ஆஃப் டைம்’ என்ற தொடரும்

பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர்களாகவும் (ஆர்டரை வாங்கி முடித்துக் கொடுக்கும் வரை கவனிப்பவர்கள்) ஏற்றுமதி ஆவணப் பிரிவிலும் வேலை பார்ப்பவர்களுக்கென்றே திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் 12 வாரம் படித்து முடித்திருக்கிறேன். குறைகளையும் எழுதப் போவதால் பயிற்சி மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. 12 வகுப்புகளில் மின்னஞ்சல், தொலைபேசிப் பேச்சு, புகாருக்குப் பதில் எழுதுதல் எனப் பலவும் சொல்லித்தந்தார்கள் என்றாலும், இந்த மதிப்புரையில் பெரும்பகுதி ஏழாவது வாரத்து வகுப்பைப் பற்றியதுதான். கட்டிய பணத்துக்கு அந்த ஒரு வகுப்பே போதும் என்று மனமாரச் சொல்வேன்.

நான் அங்கே சேர்ந்ததற்கே அந்த வகுப்பில் வந்த தொடர்தான் காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருக்கும் ஒரு பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவருக்கு, குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. டையிங்கில், அதாவது சாயமேற்றுவதில், இரண்டு நாள் தள்ளிப்போய், அந்த இரண்டு நாளைப் பிடிக்க இரவும் பகலும் செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஓடி, தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்-ஆஃப் (சரக்கை உள்ளே ஏற்கும் கெடு) முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது கன்டெய்னரை உள்ளே அனுப்பினோம். அந்த நிம்மதியில் பையருக்கு எழுதிய மின்னஞ்சலில், சரக்கு ‘இன் த நிக் ஆஃப் டைம்’ ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினேன். சரியான நேரத்தில் என்பதை அழகாகச் சொல்லும் தொடர் அது என்றே அன்றுவரை நினைத்திருந்தேன். மறுநாள் வந்த பதிலில் பாராட்டு எதுவும் இல்லை. எந்தக் கட்டத்தில் தாமதம் ஏற்பட்டது, அதை ஏன் முன்பே தெரிவிக்கவில்லை, அடுத்த ஆர்டரிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்குமான தேதி அட்டவணையை வாரந்தோறும் அனுப்ப முடியுமா என்று மூன்று கேள்விகள் இருந்தன. “ஏப்பா, சரக்குத்தான் நேரத்துக்குப் போயிருச்சே, அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம் கேக்கறாங்க?” என்று முதலாளி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதில் ஏழாவது வாரம்தான் கிடைத்தது. பாடம் நடத்திய ஆசிரியை பல ஆண்டுகள் வெளிநாட்டுப் பையர்களின் சார்பில் ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸில் வேலை பார்த்தவர் என்பதால், அகராதிப் பொருளை எழுதிப் போட்டுவிட்டு நகரவில்லை. ஒரு பென்சிலை எடுத்து, பிளேடால் அதன் நடுவில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, முன் வரிசையில் இருந்தவரிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் வழுக்கிக்கொண்டே போய் அந்த வெட்டில் டக்கென்று விழுந்து நின்றது. “இதுக்குப் பேருதான் நிக்” என்றார். “நம்ம நாட்ச் மாதிரிங்க மேடம்” என்று பின்னாலிருந்து கட்டிங் பிரிவில் இருக்கும் ஒருவர் சொன்னதும் அறையில் இருந்த இருபது பேருக்கும் விளங்கிவிட்டது. நாட்ச் என்பது துணியை வெட்டும்போது இணைக்க வேண்டிய இடத்தைக் காட்ட விளிம்பில் போடும் சிறு வெட்டு. கை பேனலில் ஒரு நாட்ச், பாடியின் கைக்குழியில் ஒரு நாட்ச். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் கை நேராக நிற்கும், கால் அங்குலம் விலகினாலும் துணி சுருங்கி இழுக்கும். பனியன் தொழிலில் இருப்பவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு வேண்டியதில்லை. காலம் என்ற நீண்ட கோலில் அந்தச் சிறு வெட்டு அளவுக்கே இடம் இருக்கிறது, நிகழ வேண்டியது அதற்குள் வந்து விழுந்துவிட்டது, சற்றுத் தள்ளியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும் என்பதே அந்தத் தொடரின் உட்பொருள்.

இங்கே வகுப்பில் தரும் கையேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலில் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்த பழைய ஆங்கிலேய வழக்கத்திலிருந்துதான் இந்தத் தொடர் பிறந்தது என்று அது அடித்துச் சொல்கிறது. அந்த வழக்கம் மெய்யானது, படிக்கவும் சுவையானது. இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் வரவுக்கு அத்தாட்சியாக மரக்கோலில் வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணியின் அகலம் என்று அளவு வைத்திருந்தார்கள். பிறகு கோலை நெடுக்காகப் பிளந்து, கொடுத்தவரிடம் ஒரு பாதியும் வாங்கியவரிடம் ஒரு பாதியும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். இடைக்காலத்தில் தொடங்கிய இந்த முறை 1826 வரை நீடித்தது. தேங்கிக் கிடந்த பழைய கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தபோதுதான் தீ பரவி அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் இந்தக் கோல்களுக்கும் நம் தொடருக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று கிடையாது. ‘நிக்’ என்பதற்கு மிகச் சரியான கணம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது, அப்போது ‘இன் த நிக்’ என்று மட்டும் சொன்னாலே போதும், ‘ஆஃப் டைம்’ 17ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது என்பது வரைதான் உறுதியான வரலாறு. ஆசிரியை இதை வாய்மொழியாகத் திருத்திச் சொன்னார் என்றாலும், பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் கையேட்டில் அது அப்படியே இருக்கக் கூடாது.

கையேட்டின் இதைவிடப் பெரிய பிழை, தொடருக்கு நேரே அச்சிட்டிருக்கும் தமிழ்ப் பொருள். ‘தக்க சமயத்தில்’ என்று போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் ‘இன் குட் டைம்’ என்பதற்கும் அதே பொருள், ‘ஜஸ்ட் இன் டைம்’ என்பதற்கும் அதே பொருள். நான் அந்த மின்னஞ்சலை எழுதியபோது என் மனத்தில் இருந்ததும் இந்தத் ‘தக்க சமயத்தில்’தான். நம் மொழியில் இது முழுக்க முழுக்கப் பாராட்டுச் சொல். காலத்தினால் செய்த நன்றி சிறிதாக இருந்தாலும் உலகைவிடப் பெரிது என்று வள்ளுவர் சொல்லும்போதும், இலக்குவன் மூர்ச்சித்துக் கிடக்க அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான் என்று கேட்கும்போதும், நம் கண் உதவியின் மீதும் உதவியவர் மீதும்தான் நிற்கிறது. எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்பதை நாம் கணக்குப் பார்ப்பதில்லை. ஆங்கிலத் தொடரோ மிச்சமிருந்த நேரத்தைத்தான் அளக்கிறது. வந்து சேர்ந்தார்கள் என்ற மகிழ்ச்சியோடு, வராமலே போயிருப்பார்கள் என்ற பயமும் அதில் உண்டு. தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது ‘நூலிழையில் தப்பியது’ என்பதுதான். அங்கே நாமும் காலத்தை நீள அகலத்தால் அளக்கிறோம். அவர்களுக்கு வெட்டின் அகலம், நமக்கு நூலின் கனம். நூலிழையில் தப்பினோம் என்று யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, தப்பியவர் சொன்னால் கேட்பவர் “ஐயோ, என்ன ஆச்சு?” என்றுதான் கேட்பார். என் பையர் கேட்டதும் அதைத்தான்.

ஆசிரியை அன்று பலகையில் எழுதிய வாக்கியங்களை இன்னும் வைத்திருக்கிறேன். மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது பற்றி உறவினர் சொல்கிறார்: ‘த ஆம்புலன்ஸ் கேம் இன் த நிக் ஆஃப் டைம்.’ இது சரி. சரக்கு அனுப்புகிறவர் வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுக்கிறார்: ‘வீ வில் டெலிவர் இன் த நிக் ஆஃப் டைம்.’ இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் கடைசி நொடி வரை உங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டுத்தான் கொடுப்போம் என்று வாக்குக் கொடுப்பதற்குச் சமம். அலுவலகத்துக்குத் தினமும் மிகச் சரியாக ஒன்பது மணிக்கு வருகிறவரைப் பற்றியும் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினால் அங்கே எதுவும் கவிழ்ந்துவிடப் போவதில்லை. ஆக, ஏதோ ஒரு கேடு வாசல் வரை வந்திருக்க வேண்டும், அது நடக்காமல் போயிருக்க வேண்டும், நடந்து முடிந்ததைப் பற்றித் திரும்பிப் பார்த்துச் சொல்வதாகவும் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக, யார் வாயிலிருந்து வர வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். காப்பாற்றப்பட்டவர் சொன்னால் அது நன்றி. வேடிக்கை பார்த்தவர் சொன்னால் வருணனை. தாமதத்துக்குக் காரணமானவரே சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். பையர் நமக்கு எழுதும்போது, உங்கள் சாம்பிள் ‘இன் த நிக் ஆஃப் டைம்’ வந்தது, கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று எழுதலாம். அதில் நன்றியும் இருக்கும், அடுத்த முறை கொஞ்சம் முன்னால் அனுப்புங்கள் என்ற குறிப்பும் இருக்கும். அதே சாம்பிளைப் பற்றி அதே தொடரை நாம் எழுதினால் நன்றி போய்விடும், குறிப்பு மட்டும் நிற்கும். எந்தக் கையேட்டிலும் இதை நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் என்று நான் மதிக்கும் பலர்கூட இதைச் சொல்லித்தந்ததில்லை.

பிறகு துறைமுகத்தின் கட்-ஆஃபை வைத்தே மற்றச் சொற்களைப் பிரித்துக் காட்டினார். சொன்ன தேதியில் சொன்னபடி கொடுப்பது ‘ஆன் டைம்’. கெடு முடிவதற்குள் எப்போது கொடுத்தாலும் ‘இன் டைம்’. ஒரு நாள், இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு பதற்றமில்லாமல் கொடுப்பது ‘இன் குட் டைம்’. பையர் நம்மிடமிருந்து கேட்க விரும்பும் சொல் இதுதான். ‘ஜஸ்ட் இன் டைம்’ என்பது பேச்சில் ‘நிக்’குக்குப் பக்கத்தில் வரும் என்றாலும், டொயோட்டா வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு அது பெயராகிவிட்டதால் தொழில் கடிதத்தில் அதற்கு வேறொரு முகம் உண்டு. தேவையான பாகம் தேவையான வேளையில் மட்டும் வந்து சேரும்படி முன்கூட்டியே திட்டமிடுவது அது. அங்கே இடைவெளி குறுகலாக இருப்பது திட்டம். ‘நிக்’கில் குறுகலாகிப்போனது திட்டம் தவறியதால். இந்த வேறுபாட்டைக் கேட்டபோது எனக்கு மெய்யாகவே கண் திறந்தது போலிருந்தது.

வகுப்பில் கிரிக்கெட்டும் வந்தது. மட்டையின் விளிம்பில் பட்டும் படாமல் உரசிய பந்து விக்கெட் கீப்பர் கையில் போய் விழுவதை வர்ணனையாளர்கள் ‘நிக்’ என்கிறார்கள் அல்லவா, அதுவும் இதே சொல்தான் என்றார். 18ஆம் நூற்றாண்டில் ஓட்டங்களைக் கோலில் வெட்டுப் போட்டு எண்ணியதால் ஓட்டத்துக்கே ‘நாட்ச்’ என்று பெயர் இருந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் நல்ல ஆட்டத்திறத்தில் இருக்கும் மட்டையாளரை ‘இன் குட் நிக்’ என்பார்கள், அங்கே பொருள் நல்ல நிலைமை. பழைய தையல் மெஷினை விற்கும்போதுகூட அப்படிச் சொல்லலாம். இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் திருடுவதற்கும் ‘நிக்’, காவல் நிலையத்துக்கும் ‘நிக்’. ஆகவே ‘ஆஃப் டைம்’ என்ற வாலை வெட்டிவிட்டு எழுதக் கூடாது, ‘ஆன் த நிக்’ என்றோ ‘எ நிக்’ என்றோ மாற்றக் கூடாது, பன்மை ஆக்கவும் கூடாது.

உச்சரிப்புக்குக் கொடுத்த பதினைந்து நிமிடமும் வீண் போகவில்லை. எழுத்தில் ஐந்து சொற்களாக இருப்பது தொலைபேசியில் ‘இந்தநிக்கடைம்’ என்று ஒரே மூச்சில் வரும், ‘ஆஃப்’ காதில் விழவே விழாது, அழுத்தம் ‘நிக்’கிலும் ‘டைம்’மிலும் மட்டும்தான். அதுவரை தொலைபேசியில் இந்தத் தொடரைப் பலமுறை கேட்டும் பிடிபடாமல் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதற்கு ஓர் ஒலிப்பதிவாவது போட்டுக் காட்டியிருக்கலாம். 12 வாரத்திலும் இங்கிலாந்துக்காரர் ஒருவர் பேசுவதை ஒருமுறைகூடக் கேட்கவைக்கவில்லை என்பது இந்தப் பயிற்சியின் பெரிய குறை.

நிக்கிலேயே இரண்டே கால் மணி நேரம் போய்விட்டதால், காலத்தைக் குறித்த மற்றத் தொடர்கள் அவசரமாக ஓடின. ‘லெவன்த் அவர்’ என்பதற்கு மட்டும் நல்ல விளக்கம் கிடைத்தது. அதைத் தொடங்கிவைத்தவரும் ஆசிரியை அல்ல, தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே ஆவணப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. “வேதத்துல பதினோராம் மணி வேளைன்னு வருமே, திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாள் கூப்பிடறது, அதுவா மேடம்?” என்று கேட்டார். அதேதான். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் உவமை அது. விடியலிலிருந்து பகலைப் பன்னிரண்டாகப் பகுத்த கணக்கில் பதினோராம் மணி என்பது மாலை ஐந்து மணியை ஒட்டிய வேளை, வேலை முடிய ஒரு மணி நேரமே பாக்கி. கடிகாரத்தின் பதினோரு மணியோடு அதற்குத் தொடர்பில்லை. உவமையில் கடைசியாக வந்தவருக்கும் முழுக் கூலி கிடைத்தது. தொழில் கடிதத்தில் ‘லெவன்த் அவர் சேஞ்ச்’ என்று வந்தால் அது பெரும்பாலும் குறைகூறல்தான்.

‘எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்’ என்ற பழமொழி 1732இல் தாமஸ் ஃபுல்லர் அச்சிட்ட தொகுப்பிலேயே கிட்டத்தட்ட இதே வடிவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆசிரியை நகர்ந்துவிட்டார். எனக்கு அது வருத்தம். பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டால் அது ஏணி போல இறங்கிக்கொண்டே போவதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் அறை நிறைய உட்கார்ந்திருந்தோம். முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டு என்று நம் குறள் சொல்வதோடு சேர்த்து அரை மணி நேரம் பேசியிருக்கலாம். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடத் தொடங்குவதைக் குறிக்கும் ‘ஜம்ப் த கன்’ இரண்டே நிமிடத்தில் முடிந்தது. எஞ்சியவற்றை வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பயிற்சியைப் பற்றிய பொதுவான விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை வகுப்பு, கட்டணம் 6,500 ரூபாய், கையேட்டுக்குத் தனியாக 300 ரூபாய். இருபது பேர் இருந்ததால் எழுதியதைத் திருத்தி வாங்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரோடு நிறுத்தினால் இன்னும் நன்றாக இருக்கும். இறுதித் தேர்வு கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு முடிந்துவிட்டது. ஒரு தொடரைச் சரியாக நிரப்பத் தெரிந்தவரும் அதைத் தவறான ஆளுக்கு எழுதிவிடக்கூடும் என்பதை அதே வகுப்பில் கற்றுக்கொடுத்தவர்கள், தேர்வை வேறு மாதிரி வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தை அடிப்படையிலிருந்து கற்க விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது, அவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. ஓரளவு எழுதத் தெரிந்து, எழுதியது எதிரில் இருப்பவர் காதில் எப்படி விழுகிறது என்று தெரியாமல் தவிக்கும் என்னைப் போன்றவர்கள் தயங்காமல் சேரலாம்.

கடைசி வகுப்பு முடிந்ததும் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த பிரிவுக்கு அச்சடிக்கும்போது மாற்றுவதாகச் சொன்னார், அதற்கு என்ன தமிழ் போடலாம் என்று என்னையே கேட்டார். என் கையேட்டில் ‘தக்க சமயத்தில்’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கெட்டுப்போக இருந்தது நூலிழையில் தப்பியபோது, தப்பியவர் சொல்வது’ என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அதைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்.